அடுத்த அதிபர் வந்தாலும் நிற்கும் வழி எது? பிலிப்பைன்ஸின் கடல் பாதுகாப்பு: ஓர் ஒப்பீடு

பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர் தள்ளி, சீனாவும் உரிமை கோரும் தென்சீனக் கடலில், அயுங்கின் என்ற பவளத்திட்டின் மேல் ஒரு கப்பல் தரைதட்டி நிற்கிறது. பெயர் சியரா மாத்ரே. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையிறக்குவதற்காக அமெரிக்கா கட்டிய, 100 மீட்டர் நீளக் கப்பல். 1999-இல் பிலிப்பைன்ஸ் கடற்படை அதை வேண்டுமென்றே திட்டின் மேல் ஏற்றி நிறுத்தியது. காரணம், நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கத்தில் உள்ள மிஸ்சீஃப் திட்டில் நடந்தது. மீனவர்கள் ஒதுங்குவதற்குக் குடில் போடுகிறோம் என்று சொல்லித்தான் சீனா அங்கே கால் ஊன்றியது. இன்று அந்தத் திட்டில் ஓடுபாதையோடு முழு ராணுவத் தளமே இருக்கிறது.

சியரா மாத்ரேயின் பக்கங்கள் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டன. ஆனாலும் அது இன்னும் பணியில் உள்ள கடற்படைக் கப்பல் என்றே பதிவேட்டில் இருக்கிறது. உள்ளே ஒரு சிறு மரைன் குழு முறைபோட்டுக் காவல் இருக்கிறது. 2024 ஜூன் 17 அன்று அவர்களுக்கு உணவும் பொருள்களும் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் கத்தி, கோடரிகளோடு சூழ்ந்து மோதினார்கள். படகைக் கிழித்தார்கள், துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் வீரருக்குக் கட்டைவிரல் போயிற்று.

அந்தக் கப்பல் அங்கே நிறுத்தப்பட்டபோது எஸ்ட்ராடா அதிபர். அதற்குப் பிறகு அரோயோ, மூன்றாம் அக்கினோ, துதெர்தே, இப்போது இளைய மார்க்கோஸ். ஐந்து அதிபர்கள், சீனா பற்றி ஐந்து வெவ்வேறு கணக்குகள். அரோயோ சீனாவோடு சேர்ந்து எண்ணெய் தேட உடன்பட்டார். அக்கினோ சீனாவை நடுவர் மன்றத்துக்கு இழுத்தார். துதெர்தே பெய்ஜிங்குக்கே போய் அமெரிக்காவோடு பிரிவினை என்று அறிவித்தார். மார்க்கோஸ் அமெரிக்கப் படைகளுக்குக் கூடுதல் முகாம்களைத் திறந்துவிட்டார். பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டப்படி அதிபருக்கு ஆறு ஆண்டுகள், ஒரே ஒரு முறை. அடுத்த தேர்தல் 2028 மே மாதம்.

எந்த வழி சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 'அமெரிக்காவா, சீனாவா' என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு என்பது என் எண்ணம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திசை மாறும் ஒரு நாடு, அடுத்தவர் வந்து கலைக்க முடியாதது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதோடு இன்னும் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்வேன். மேற்குக் கரையில் உள்ள மசின்லாக் ஊரிலிருந்து கடலுக்குப் போகும் மீனவருக்கு அது இந்தப் பருவத்திலேயே ஏதாவது செய்யுமா? ஆண்டுக்குச் சுமார் 20 புயல்களைத் தாங்கும் ஒரு நாட்டின் கஜானாவுக்கு அது கட்டுப்படியாகுமா?

பெய்ஜிங்கோடு ஒத்துப்போவது

இதை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக் கூடாது. சீனா பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி. 2012-இல், இரு நாடுகளும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டில் இரு நாட்டுக் கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்றபோது, பூச்சி இருக்கிறது என்று சொல்லிச் சீனத் துறைமுகங்கள் பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தைத் திருப்பின. தெற்கே உள்ள மின்தனாவ் தீவின் தோட்டங்களிலிருந்து போன பழம் கன்டெய்னர்களிலேயே அழுகியது. அந்தத் தோட்டக் கூலிக்குக் கடல் எல்லை என்பது எங்கோ நடக்கும் பேச்சு. போன சம்பளம் மட்டும்தான் கையில் தெரிந்தது. துதெர்தே அந்த மின்தனாவிலிருந்து வந்தவர். ஜெயிக்க முடியாத சண்டைக்கு ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்டது பலருக்கு நியாயமாகவே பட்டது.

ஆனால் ஆறு ஆண்டுகள் அந்த வழியில் போய்ப் பார்த்தாயிற்று. 2016 அக்டோபர் பெய்ஜிங் பயணத்தில் 2,400 கோடி டாலர் முதலீடும் கடனும் வரும் என்று அறிவிப்பு வந்தது. வந்து சேர்ந்தது அதில் சிறு பங்கே. 2018-இல் எண்ணெய், எரிவாயுக் கூட்டு ஆய்வுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். 2022 ஜூனில், துதெர்தே பதவி முடிவதற்குச் சில நாள்களுக்கு முன், அவருடைய வெளியுறவு அமைச்சரே அந்தப் பேச்சு முடிந்துபோனது என்று அறிவித்தார். பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டம் தன் கடல் வளத்தைத் தன் குடிமக்களுக்கே ஒதுக்குகிறது. சீனாவோ அந்தச் சட்டத்தின் கீழ் வந்து வேலை செய்ய ஒப்பவில்லை. அரோயோ காலத்தில் 2005-இல் போட்ட முத்தரப்பு ஆய்வு ஒப்பந்தத்தையும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. ஆக, கூட்டு ஆய்வு என்ற கதவு உள்நாட்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் மூடிவிட்டது.

இதற்கிடையே கடலில் என்ன நடந்தது? 2019 ஜூன் 9 இரவு, ரெக்டோ திட்டருகே நங்கூரமிட்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் மீன்பிடிப் படகைச் சீனக் கப்பல் ஒன்று இடித்துவிட்டுப் போனது. 22 மீனவர்கள் இருட்டில் தண்ணீரில் தத்தளித்தார்கள். அவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது அந்தப் பக்கம் இருந்த ஒரு வியட்நாம் படகு. துதெர்தே அதைச் சிறிய கடல் விபத்து என்று சொன்னார். நட்பு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அந்த 22 பேருக்கும் அந்த நட்பால் என்ன பயன் கிடைத்தது என்பதே இந்த வழிக்கு நான் வைக்கும் கேள்வி.

ஒன்றை மட்டும் இதிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். 2024 ஜூலையில், கட்டைவிரல் போன சம்பவத்துக்குப் பிறகு, சியரா மாத்ரேக்குப் பொருள் கொண்டுபோவது பற்றி இரு நாடுகளும் ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. அதன் பிறகு போன பயணங்கள் அதுபோன்ற மோதல் இல்லாமல் முடிந்தன. பேச்சு பலன் தருகிறது. ஆனால் விட்டுக்கொடுத்தபோது வராத உடன்பாடு, பின்வாங்காமல் நின்ற பிறகு வந்தது.

சட்டத்தின் வழி

2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டது. சீனா வரவே இல்லை. 2016 ஜூலை 12 அன்று தி ஹேக்கில் தீர்ப்பு வந்தது. தென்சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துச் சீனா வரைபடத்தில் போட்டிருக்கும் ஒன்பது துண்டுக் கோட்டுக்குள் வரலாற்று உரிமை என்று எதுவும் சட்டப்படி கிடையாது. ஸ்பிராட்லி என்ற தீவுக் கூட்டத்தில் உள்ள எந்தப் பாறைக்கும் திட்டுக்கும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது. மிஸ்சீஃப், அயுங்கின் இரண்டும் பிலிப்பைன்ஸ் மண்டலத்தில் உள்ளவை. ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் பரம்பரை மீன்பிடி உரிமையைச் சீனா தடுத்தது தவறு. செயற்கைத் தீவு கட்டப் பவளப்பாறைகளை அழித்ததும் தவறு என்று எழுதினார்கள். ஸ்கார்பரோ யாருக்குச் சொந்தம் என்று மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த அதிகாரம் நடுவர் மன்றத்துக்கு இல்லை. இதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் மணிலாவிலும் உண்டு.

கேட்டது ஏறக்குறைய எல்லாமே கிடைத்தது. நடைமுறைப்படுத்தத்தான் ஆள் இல்லை. பெரிய நாடு சிறிய நாட்டிடம் தோற்றுப் பணிந்ததே இல்லை என்று சொல்லவும் முடியாது. வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே தகராறிலிருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்கு என்று 2014 ஜூலையில் இதே சட்ட ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் சொன்னது. டெல்லி ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஏற்க மனமிருந்த நாடு. பெய்ஜிங்குக்கு அந்த மனம் இல்லை.

தீர்ப்புக்கு உள்ளூரிலும் ஒரு பலவீனம் உண்டு. 2021-இல் துதெர்தே அது வெறும் காகிதம், குப்பைக் கூடையில் போடலாம் என்றார். அவரால் தீர்ப்பை அழிக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைக்க முடிந்தது. பிறகு வந்தவர் பெட்டியைத் திறந்ததும் அது அப்படியே இருந்தது. சட்டத்துக்கு இது ஒரு பெரிய குணம். வீணாகலாம், கெட்டுப்போகாது. 2024 நவம்பரில் மார்க்கோஸ் கையெழுத்திட்ட கடல் மண்டலச் சட்டம் அந்தத் தீர்ப்பின் எல்லைகளை உள்நாட்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அடுத்த அதிபர் மாற்ற நினைத்தால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் போக வேண்டும். செலவைப் பார்த்தால், இந்தப் பட்டியலில் மிகவும் மலிவான வழி இதுதான். மசின்லாக் மீனவருக்கு? நேரடியாக ஒன்றுமில்லை. 2012-க்குப் பிறகு ஸ்கார்பரோவின் உள்ளே இருக்கும் அமைதியான நீர்ப்பரப்புக்குள், புயலுக்கு ஒதுங்கிய அந்தப் பழைய இடத்துக்குள், அவரால் அச்சமின்றி நுழைய முடியவில்லை.

அமெரிக்கக் கூட்டணி

1951 ஆகஸ்டில் கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம்தான் அடிப்படை. 1991 செப்டம்பர் 16 அன்று செனட்டில் 12-க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தளங்களின் நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கப் படை சூபிக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனது. மிஸ்சீஃபில் சீனக் குடில்கள் தெரிந்தது 1995-இல். இந்த இரண்டையும் கோர்த்துப் பார்க்காத பிலிப்பைன்ஸ் ராணுவ அதிகாரி இருக்க மாட்டார்.

இன்று நிலை வேறு. 2014 ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்கர்கள் சுழற்சி முறையில் வந்து தங்க ஐந்து முகாம்கள் இருந்தன; 2023-இல் இன்னும் நான்கு சேர்ந்து ஒன்பது ஆயின. தென்சீனக் கடலில் எங்கேயானாலும், கடலோரக் காவல் படைக் கப்பலைத் தாக்கினாலும், ஒப்பந்தம் பொருந்தும் என்று 2023 மே மாதம் எழுத்திலேயே தெளிவுபடுத்தினார்கள். 2024 ஏப்ரலில் டைஃபான் என்ற ஏவுகணை அமைப்பைப் பயிற்சிக்கென்று, மணிலா இருக்கும் லூசான் தீவின் வடக்குப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சி முடிந்தது, ஏவுகணை போகவில்லை. பெய்ஜிங் கடுமையாகக் கோபப்பட்டது.

இந்தக் கேடயம் இல்லாவிட்டால் சியரா மாத்ரே என்றோ இழுத்துப் போகப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். சீனக் கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சுகின்றன, இடிக்கின்றன, லேசர் அடிக்கின்றன; சுடவில்லை. சுட்டால் 1951 ஒப்பந்தம் விழித்துக்கொள்ளும் என்ற கணக்கு அதில் நிச்சயம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டணியின் பெறுமதி அந்தச் 'சுடவில்லை' என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. எல்லையும் அங்கேயே இருக்கிறது. சுடாமல் செய்யக்கூடிய எதையும் அது தடுக்கவில்லை.

இன்னும் ஆழமாகப் பார்த்தால் இரு நாடுகளின் கண்ணும் ஒரே இடத்தில் இல்லை. 2023-இல் சேர்ந்த நான்கு முகாம்களில் மூன்று வடக்கு லூசானில், தைவானைப் பார்த்தபடி இருப்பவை. பலவானில் உள்ளது ஒன்றே. வாஷிங்டன் முதலில் நினைப்பது தைவான் நீரிணையை. மணிலா முதலில் நினைப்பது அயுங்கினையும் ஸ்கார்பரோவையும். தைவானில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் வேலை செய்கிறார்கள் என்பதால் அங்கே போர் வந்தால் மணிலா ஒதுங்கி நிற்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அடுத்தவர் போருக்கு முன்வாசலாவதும் தன் மீன்பிடித் திட்டைக் காப்பதும் ஒன்றல்ல.

நம் அளவுகோலுக்கு வருவோம். கலைப்பது எவ்வளவு எளிது? மிக எளிது. 2020 பிப்ரவரியில் துதெர்தே, அமெரிக்கப் படை வருகை ஒப்பந்தத்தை முறிப்பதாக நோட்டீஸ் கொடுத்தார். 180 நாளில் முடிந்துவிடும் என்பது விதி. தள்ளித் தள்ளிப் போட்டு 2021 ஜூலையில்தான் நோட்டீஸைத் திரும்பப் பெற்றார். ஒன்பது முகாம்களுக்கான 2014 ஒப்பந்தம் செனட்டுக்கே போகாதது. அதிபர்கள் அளவில் போட்டது, அதிபர் நினைத்தால் ஓராண்டு நோட்டீஸில் முடிக்கலாம். அந்தப் பக்கமும் அப்படித்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியபோது பிலிப்பைன்ஸ் படைகளுக்கான 33.6 கோடி டாலருக்குத் தனி விலக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் மார்க்கோஸ் வாஷிங்டன் போயிருந்தபோதே பிலிப்பைன்ஸ் பொருள்களுக்கு 19 சதவீத வரி என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு உறுதியான பின்சுவர் வேண்டும்தான். பின்சுவரின் சாவி இரண்டு நாடுகளில் நடக்கும் இரண்டு தேர்தல்களில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டே கட்ட வேண்டும்.

அமெரிக்க வீரர்கள் வந்து தங்குவதற்கு உள்ளூரில் ஒரு விலையும் உண்டு. 2014-இல் ஒலோங்கபோவில் ஒரு திருநங்கையை அமெரிக்க மரைன் வீரர் ஒருவர் கொன்றார். தண்டனை கிடைத்தது, 2020-இல் துதெர்தேயே மன்னிப்பு வழங்கி அவரை ஊருக்கு அனுப்பினார். அந்த நகரத்து மக்கள் கூட்டணி என்ற சொல்லைக் கேட்கும்போது இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இரு நாட்டுப் படைகளும் ஒன்றின் மண்ணில் மற்றது வந்து பயிற்சி செய்ய வழி தரும் ஜப்பான் உடன்பாடு இதைவிட உறுதியான வடிவம். 2024 ஜூலையில் கையெழுத்தானது, டிசம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் ஒப்புதல் கொடுத்தது, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. செனட் வழியாக வந்ததை ஒருவர் தனியாகக் கிழித்தெறிவது அரசியல் ரீதியாகக் கடினம்.

சொந்தக் கை

இங்கேதான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன்.

பிலிப்பைன்ஸ் ராணுவம் அரை நூற்றாண்டாகத் தரையைப் பார்த்து வளர்ந்த ராணுவம். 1969-இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் கொரில்லாப் போர், தெற்கே மோரோ முஸ்லிம்களின் கிளர்ச்சி, 2017-இல் ஐந்து மாதம் நீடித்த மராவி நகர முற்றுகை. பணம் காலாட்படைக்கே போனது. 7,641 தீவுகள் கொண்ட நாட்டில் கடற்படை கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது. 2012-இல் ஸ்கார்பரோவுக்கு அனுப்பிய முதன்மைக் கப்பலே அமெரிக்கக் கடலோரக் காவல் படை பயன்படுத்திக் கழித்த பழைய கப்பல்தான்.

இப்போது பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3,500 கோடி டாலர் என்று 2024 ஜனவரியில் மார்க்கோஸ் ஒரு நவீனமயத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். காகிதத்தில் பெரிய தொகை. அதில் எதை வாங்குவது?

மூன்று விலைச்சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 20 எஃப்-16 விமானங்களை, ஆயுதம் பயிற்சி எல்லாம் சேர்த்து, அதிகபட்சம் 558 கோடி டாலருக்கு விற்க அனுமதித்தது. மணிலாவிடம் பணம் இல்லை, தள்ளிவைத்தார்கள். 2022 ஜனவரியில் இந்தியாவிடமிருந்து மூன்று பிரம்மோஸ் ஏவுகணைத் தொகுதிகள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். விலை சுமார் 37.5 கோடி டாலர். மூன்றாவது, கடலோரக் காவல் படைக்கு 97 மீட்டர் நீளத்தில் ஐந்து கப்பல்கள். 2024-இல் ஜப்பான் இதற்குத் தரும் நீண்டகாலக் கடன் 6,438 கோடி யென், ஏறத்தாழ 41 கோடி டாலர்.

பிரம்மோஸ் என்ன செய்யும்? முதல் தொகுதி 2024 ஏப்ரலில் வந்தது. அதை வைத்திருப்பது சம்பாலெஸ் மாகாணத்தில். ஏவுகணையின் எட்டும் தூரம் 290 கிலோமீட்டர். ஸ்கார்பரோ லூசான் கரையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். மனக்கணக்கே போதும்: அந்தத் திட்டைச் சுற்றி நிற்கும் எந்தப் போர்க்கப்பலும் இதன் எல்லைக்குள். ஸ்கார்பரோவிலும் மிஸ்சீஃப் போல மண் கொட்டித் தீவு கட்டலாமா என்று பெய்ஜிங்கில் யோசிக்கும் ஒருவர் இனி இதையும் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். போரைத் தள்ளிப்போடும் கருவி என்ற வகையில், கொடுத்த விலைக்கு நல்ல பொருள்.

ஆனால் தண்ணீர் பீய்ச்சும் கப்பலை ஏவுகணையால் அடிக்க முடியாது. மீனவரை விரட்டும் கப்பலை அடித்தால் போரை ஆரம்பித்தவர் மணிலா ஆகிவிடும். அன்றாடச் சண்டை வெள்ளை நிறக் கடலோரக் காவல் கப்பல்களுக்கு இடையில்தான் நடக்கிறது. அங்கே சீனாவிடம் 1,000 டன்னுக்கு மேற்பட்ட கடலோரக் காவல் கப்பல்கள் மட்டும் 150-க்கும் அதிகம். 2025 ஜனவரியில் சம்பாலெஸ் கரைக்கு எதிரே நின்ற ஒன்று 12,000 டன். பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையில் பெரியவை என்று சொல்ல ஜப்பான் கட்டிய இரண்டு 97 மீட்டர் கப்பல்களும் பிரான்ஸ் கட்டிய ஒன்றும்தான் இருந்தன. மற்றவை பெரும்பாலும் 44 மீட்டர் ரகம்.

இந்தப் பற்றாக்குறை என்ன செய்யும் என்பதைப் பலவானுக்கு மேற்கே உள்ள எஸ்கோடா திட்டில் பார்த்தோம். சீனா அங்கே மண் கொட்டுகிறது என்ற சந்தேகத்தில், 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையின் தெரெசா மக்பனுவா கப்பல் போய் நங்கூரமிட்டது. ஐந்து மாதம் நின்றது. சீனக் கப்பல்கள் சுற்றி வளைத்துப் பொருள் வரவிடவில்லை. கடைசி வாரங்களில் மாலுமிகள் கஞ்சி குடித்தே காலம் தள்ளினார்கள். மழைநீரையும், ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் பிடித்துக் குடித்தார்கள் என்று படையின் செய்தித் தொடர்பாளரே சொன்னார். செப்டம்பரில் பலவான் திரும்பியபோது சிலரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இந்த மாலுமிகளிடம் துணிவு குறையவில்லை, அவர்களை மாற்றி நிற்கவும் உணவு கொண்டு சேர்க்கவும் போதிய கப்பல்கள்தான் இல்லை என்பதே. ஓர் இடத்தில் எப்போதும் ஒரு கப்பல் நிற்க வேண்டுமென்றால் மூன்று கப்பல் வேண்டும்: ஒன்று நிற்க, ஒன்று வழியில், ஒன்று பழுதுபார்ப்பில். அயுங்கின், எஸ்கோடா, ஸ்கார்பரோ, பிலிப்பைன்ஸ் கையில் உள்ள பாக்-அசா தீவு என்று நான்கு இடங்களை எடுத்தாலே பன்னிரண்டு வேண்டும்.

அதனால்தான் ஐந்து கப்பல் வாங்கும் 41 கோடிக் கடன், கையில் இல்லாத 558 கோடியைவிடப் பெரிதாக எனக்குத் தெரிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 2013 நவம்பரில் யோலாண்டா புயல் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அத்தகைய நாளில் ஹெலிகாப்டர் தளம் உள்ள 97 மீட்டர் கப்பல் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோகும். ஏவுகணை கொட்டகையில் இருக்கும். 2025-இல் வெள்ளத் தடுப்புப் பணத்தில் நடந்த ஊழலை எதிர்த்து மணிலா வீதிகளில் மக்கள் திரண்டார்கள். அவர்களிடம் போய்ப் பாதுகாப்புக்குக் காசு கேட்பவர், புயலிலும் பயன்படும் பொருளைக் காட்டினால்தான் முகம் கொடுத்துப் பேச முடியும்.

கலைக்க முடியுமா என்ற கேள்விக்கும் இங்கே நல்ல பதில் இருக்கிறது. பிரம்மோஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது யார் ஆட்சியில்? சீனாவோடு நட்பு பாராட்டிய துதெர்தே ஆட்சியில். தென்கொரியா கட்டிய இரண்டு புதிய போர்க்கப்பல்கள் 2020, 2021-இல் வந்து சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். தீர்ப்பைக் காகிதம் என்றவர், அமெரிக்க ஒப்பந்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்தவர், கப்பலையும் ஏவுகணையையும் நிறுத்தவில்லை. வாங்கிய கப்பலை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பயிற்சி பெற்ற மாலுமி அதிபர் மாறினால் தன் தொழிலை மறப்பதில்லை.

படம் பிடித்துக் காட்டுவது

2023 பிப்ரவரியில் அயுங்கின் அருகே சீனக் கப்பல் ஒன்று பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பல் மீது ராணுவ ரக லேசரை அடித்தது. அதிலிருந்து மணிலா ஒரு முடிவெடுத்தது: நடப்பதை எல்லாம் படம் பிடித்து உடனே வெளியிடுவது. செய்தியாளர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்கார்பரோ வாயிலில் சீனா 300 மீட்டர் நீளத்துக்கு மிதவைத் தடுப்புப் போட்டபோது, ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தியால் கயிற்றை அறுக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. 2025 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் கப்பலைத் துரத்திய சீனப் போர்க்கப்பலும் சீனக் கடலோரக் காவல் கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதும் அப்படித்தான் வெளிவந்தது.

செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் தனியாக நிற்காது. கயிற்றை அறுத்தார்கள், தடுப்பு பிறகும் வந்தது. 2025 செப்டம்பரில் சீனா ஸ்கார்பரோவை இயற்கைக் காப்பகம் என்றே அறிவித்துவிட்டது. அடுத்த அதிபர் கேமராவை அணைக்கச் சொன்னால் அன்றைக்கே அணைந்துவிடும் என்பதும் உண்டு.

ஆசியான்

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் இந்தக் கூட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தென்சீனக் கடலில் நடந்துகொள்ளும் முறை பற்றி 2002-இல் சீனாவோடு சேர்ந்து ஓர் அறிக்கை வந்தது. அதைக் கட்டாய நடத்தை விதியாக்கும் பேச்சு இன்னும் நடக்கிறது. 2026-க்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். பத்து நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்ற முறையில்தான் 2012-இல் நோம்பென் கூட்டம் கூட்டறிக்கையே இல்லாமல் முடிந்தது. 45 ஆண்டில் முதல் முறை. கூட்டத்துக்குப் போக வேண்டும், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அதற்குப் பதில் தகராறு உள்ள பக்கத்து வீடுகளோடு இருவர் இருவராகப் பேசுவது மேல். 2024 ஜனவரியில் வியட்நாமோடு கடலோரக் காவல் படை ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டார்கள். இரு நாடுகளும் ஸ்பிராட்லியில் ஒன்றை ஒன்று எதிர்த்து உரிமை கோருபவை. 2019-இல் அந்த 22 பேரைத் தூக்கியதும் வியட்நாம் படகு என்பதை நினைத்தால் இது வெறும் கையெழுத்து அல்ல.

என் வரிசை

பணமும் நேரமும் குறைவாக இருக்கும் மணிலாவுக்கு நான் சொல்வது இது. முதல் பணம் கடலோரக் காவல் கப்பல்களுக்கும், அவற்றுக்குப் பலவானில் எரிபொருள், பழுதுபார்ப்பு வசதிகளுக்கும். இரண்டாவது கரையோர ஏவுகணைகளுக்கு, விமானங்கள் காத்திருக்கட்டும். சட்டத்தைப் பொறுத்தவரை, பவளப்பாறை அழிவு பற்றி இரண்டாவது வழக்குக்கு வேண்டிய ஆதாரங்களைக் கடல் அறிவியலாளர்கள் இப்போதே திரட்டி வைக்க வேண்டும். வழக்கை எந்த அதிபர் போட்டாலும் ஆதாரம் கெடாது. அமெரிக்க ஏற்பாடு தொடரட்டும், ஆனால் முகாம் ஒப்பந்தத்தைச் செனட்டுக்குக் கொண்டுபோய் விவாதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே தோற்கும் அபாயம் உண்டு. 1991-இல் தோற்றது. ஆனாலும் மக்கள் முன் ஒருமுறை வாதாடி வெல்லாத ஏற்பாடு 2028-இல் ஒரே கையெழுத்தில் போய்விடும். பெய்ஜிங்கோடு தொலைபேசி இணைப்பும் பொருள் விநியோக உடன்பாடும் நீடிக்க வேண்டும். எண்ணெய்ப் பேச்சு வேண்டாம்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று என்னைத் தொந்தரவு செய்கிறது. பன்னிரண்டு கப்பல் சேர்ந்தாலும் சீனா நூற்றைம்பதை அனுப்புமே என்கிறார்கள். உண்மை. பிலிப்பைன்ஸ் அந்தக் கடலில் ஒருநாளும் எண்ணிக்கையில் வெல்லாது. ஆனால் எஸ்கோடாவில் ஒரே கப்பல் ஐந்து மாதம் நின்றது, அந்த ஐந்து மாதமும் அங்கே தீவு முளைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிவு காத்திருக்கிறது. சியரா மாத்ரே 1944-இல் கட்டிய இரும்பு. கட்டுமானப் பொருள் எதுவும் அங்கே போகக் கூடாது என்பது சீனாவின் நிபந்தனை. உள்ளே இருக்கும் மரைன்கள் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுகிறார்கள். ஏதோ ஒரு பெரும்புயலில் அது இரண்டாகப் பிளந்தால், அடுத்த நாள் காலையில் அந்தத் திட்டில் வந்து நிற்கப்போவது எந்தக் கப்பல், அதில் யார், எத்தனை நாள் உணவோடு என்பதை மணிலா இன்றைக்கே எழுதி வைத்திருக்க வேண்டும்.